நாலு கியரும் பின்னால்

கியர்பாக்ஸ் மாப்பிள்ளையின் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கடைசி போல்ட்டைக் கழற்றியதுதான் தாமதம், தொப்பென்று இறங்கிவிட்டது. தள்ளவும் முடியவில்லை, மூச்சு விடவும் முடியவில்லை.

"மாமா..." என்றார் ஈனசுரத்தில்.

ஷெட்டின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமனார், "பதினாலாம் நம்பரா, பதினேழா?" என்று கேட்டார்.

"ஸ்பேனர் இல்ல மாமா. ஆளு வேணும்."

மாமியாரும் மனைவியும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை உருவி எடுத்தார்கள்.

"அச்சகத்துல பிழை திருத்துறவருக்கு இந்த வேலை தேவையா?" என்றாள் மனைவி.

"இதுவும் பிழைதானே. இரும்புல இருக்கு, அவ்வளவுதான்."

வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து பதினோரு வருடம் ஆகிறது. அந்த வீட்டில் அவரை ஓர் ஆளாக மதித்தவர் மாமனார் ஒருவர்தான். முப்பத்தாறு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு கீறல் விழுந்ததில்லை. விடுமுறை நாளானால், "வாங்க மாப்பிள்ளை, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று காரை எடுத்துவிடுவார். வழியெல்லாம் சிரிப்பும் பேச்சும்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் காரின் கியர்பாக்ஸும், பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலும் ஒருசேர உயிரை விட்டன. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "உள்ள பல்லெல்லாம் பொடியாயிடுச்சு. எடைக்குப் போட்டுடுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து மாமனார் பேச்சைக் குறைத்தார், சாப்பாட்டைக் குறைத்தார். செய்தித்தாளைக்கூட மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்க்கப் பார்க்க மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. காரை எழுப்பிவிட்டால் மனிதரும் எழுந்துவிடுவார் என்று முடிவு செய்தார்.

"விட்டுடுங்க மாப்பிள்ளை, போனது போகட்டும்" என்றார் மாமனார்.

தனக்குச் சிரமம் வேண்டாம் என்று சொல்கிறாராக்கும் என்று மாப்பிள்ளை உருகிப்போனார்.

பழைய இரும்புக் கடையில் அதே மாதிரிக் கார் ஒன்று கிடந்தது. அதிலிருந்து பல்சக்கரங்களைப் பொறுக்கி வந்து, மாமியாரின் பெரிய அண்டாவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். மாமியார் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எல்லாவற்றையும் கோத்து மூடி, காருக்கு அடியில் ஏற்றிப் பூட்டி நிமிர்ந்தபோது, தரையில் ஒரு பித்தளை வளையம் மிச்சமிருந்தது.

"அது இல்லாம ஓடாதா?" என்றாள் மனைவி.

ஓடியது, மூன்றாவது கியரில் மட்டும். மறுபடி இறக்கினார். இந்த முறை வளையம் உள்ளே போனது. அவருடைய இடது கட்டைவிரல் நகம் வெளியே வந்தது.

கட்டுப்போட்ட விரலோடு அச்சகத்தில் உட்கார்ந்திருந்தாலும் நினைப்பெல்லாம் ஷெட்டில்தான். இரங்கல் அட்டை ஒன்றில் 'காலமானார்' என்பது 'காரமானார்' என்று அச்சாகி, ஐந்நூறு பேர் கைக்குப் போய்விட்டது. செத்தவரின் மகன் அச்சகத்துக்கே வந்து அழுதான். "நீங்க ஒரு மாசம் வீட்டுல இருங்க" என்றார் முதலாளி.

ஒரு மாதமும் டிஃபரன்ஷியலுக்குப் போதுமானதாக இருந்தது. பின் அச்சைக் கழற்றி, தேய்ந்த சக்கரத்தை மாற்றி, மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எப்படி மாமா?"

"பிரமாதம்" என்றார் மாமனார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலை குடும்பமே வாசலில் நிற்க, முதல் கியரைப் போட்டு க்ளட்சை விட்டார். கார் பின்னால் பாய்ந்தது. பதறிப்போய் இரண்டாவது கியரைப் போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் பாய்ந்து, துணிக்கொடியை அறுத்து, குளியலறைச் சுவரை இடித்துக்கொண்டு நின்றது. டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரத்தை வலப்பக்கம் வைப்பதற்குப் பதில் இடப்பக்கம் வைத்துப் பூட்டியிருந்தார். முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக நாலு கியர்!

"அப்பா உள்ள குளிச்சிட்டு இருந்திருந்தா?" என்று கத்தினாள் மனைவி. "உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

மாப்பிள்ளை செங்கல் தூசியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். வேலையில் கெட்ட பெயர், வீட்டில் கெட்ட பெயர், காரும் இப்படி. மாமனார் தடவித் தடவி வந்து அவர் தோளைப் பிடித்து, "போதும் மாப்பிள்ளை. என் பேச்சைக் கேளுங்க" என்றார்.

கேட்டிருக்கலாம். ஆனால் அந்தக் குரலில் இருந்த சோகம் அவரை உசுப்பிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி காருக்கு அடியில் புகுந்தார்.

பதினெட்டு நாள் ஆயிற்று. பத்தொன்பதாம் நாள் கார் முன்னால் போனது. பின்னால் போகச் சொன்னபோது மட்டும் பின்னால் போனது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினார். மாமியார் முந்தானையால் கண்ணை ஒற்றினார். மனைவி பல மாதங்களில் முதல் முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

மாப்பிள்ளை இறங்கி வந்து, சாவியை மாமனாரின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"ஏறுங்க மாமா. முதல் ரவுண்டு நீங்கதான் ஓட்டணும்."

கிழவர் சாவியை விரலால் தடவிக்கொண்டே நின்றார். சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். மாமனார் அவர் கையைப் பற்றி அருகில் இழுத்து, பெண்கள் காதில் விழாதபடி சொன்னார்:

"எனக்குக் கண்ணு தெரியல, மாப்பிள்ளை, அதை வீட்டுல சொல்ல வாய் வராமத்தான் நானே இந்தக் காரைக் கெடுத்து வெச்சேன்."