மேனேஜர் பேரில் ஒரு பாஸ்வேர்டு

கறுப்புத் திரையில் மளமளவென்று ஓடிய எழுத்துகளுக்கு நடுவே சர்வரின் பாஸ்வேர்டு பட்டவர்த்தனமாக நின்றது: 'ஜானகிராமன்சொட்டை'.

ஷஃபீக்குக்குக் குப்பென்று வியர்த்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், பெருநாளுக்கு லீவு கிடைக்காத கடுப்பில் அவனே வைத்த பாஸ்வேர்டு. ஜானகிராமன் அவனுடைய மேனேஜர். சொட்டையும் அவருடையதுதான். 'பாஸ்வேர்டில் சொந்த விஷயம் கூடாது' என்று போன மாதம் ஆபீசுக்கே பாடமெடுத்த மகானுபாவன் இந்த ஷஃபீக்தான்.

திரையில் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பக்கத்துச் சாட் பெட்டியிலேயே, நேற்று வேலைக்குச் சேர்ந்த ஏஐ ஏஜென்ட் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. டெர்மினல் என்கிற அந்தக் கறுப்புத் திரையில் ஓடுவதையெல்லாம் அது படிக்கும், மூன்று மணிக்கு மேனேஜருக்கு ரிப்போர்ட் அனுப்பும் என்று ஆபீசில் பேச்சு. நாளைக்கு டீம் லீடர் யாரென்று அறிவிக்கப் போகிறார்கள். ஆறு வருடமாக அவன் ஏங்கிக் கிடந்த பதவி.

யாரையாவது கேட்கலாமென்றால் மணி ஒன்றரை. அந்த ஊர்க் கடைகளெல்லாம் மூன்று மணி வரை ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கும் நேரம். மிஷன் வீதி மாடியிலிருந்த அந்த ஆபீசுக்கும் அதே வழக்கம். ஏஜென்ட்டின் அனுமதிகளைக் கவனிக்கும் செந்தமிழ்ச்செல்வி வீட்டுக்குப் போயிருந்தாள். போனை எடுக்கவில்லை.

அவசரமாகத் திரையிலிருந்த எழுத்துகளை அழித்தான். அழித்த பிறகுதான், ஏஜென்ட் ஏற்கெனவே படித்திருக்குமே என்று உறைத்தது. மனைவி இஃப்ஃபத்தைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"மறைச்சாதாங்க சந்தேகம் வரும். தன்மையாப் பேசிப் பாருங்க."

"அது மனுஷன் இல்ல இஃப்ஃபத்."

"மனுஷங்ககிட்ட மட்டும் தன்மையாப் பேசிக் கிழிச்சிட்டீங்களாக்கும்!"

ஷஃபீக் தன்மையாகவே தட்டினான். "இப்ப வந்ததைப் பாத்தியாப்பா?"

"எதைக் குறிப்பிடுகிறீர்கள்?" என்று பதில் வந்தது.

'என்னமா நடிக்குது பாரு' என்று பல்லைக் கடித்தான்.

"அந்தப் பாஸ்வேர்டை ரிப்போர்ட்ல போட்டுடாத."

"எந்தப் பாஸ்வேர்டு?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காத. ஜானகிராமன் சார் பேர்ல இருக்கே, அது."

"நன்றி. குறித்துக்கொண்டேன்."

"ஐயோ, குறிக்காத! முக்கியமா அந்தச் சொட்டையை எழுதவே எழுதாத!"

"எந்தச் சொட்டை?"

விளக்கினான். தன் பக்க நியாயமும் பதிவாகட்டுமே என்று லீவு விவகாரத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னான். எல்லாம் முடிந்ததும் அது பணிவாகச் சொன்னது: "மன்னிக்கவும். நம் உரையாடலை ரிப்போர்ட்டிலிருந்து நீக்க எனக்கு அதிகாரமில்லை."

பதறிப்போய்ப் பாஸ்வேர்டையே மாற்றினான். 'ஜானகிராமன்தங்கம்'. 'எழுதறதா இருந்தா இதை எழுதிக்கோ' என்று ஏஜென்ட்டுக்கும் தட்டிவிட்டான். பழைய பாஸ்வேர்டை நம்பி அந்தச் சர்வரில் ஓடிக்கொண்டிருந்த நாலு ஹோட்டல்களின் ரூம் புக்கிங் அடுத்த நிமிடமே படுத்துவிட்டது. பழையதைத் திரும்ப வைக்கலாம்; வைத்தால் சொட்டை மறுபடி திரையில் வரும். ஹோட்டல்காரர்கள் மாற்றி மாற்றிப் போன் அடித்தார்கள். ஷஃபீக் போனைத் தன் டிபன் பையில் போட்டு மூடினான். இவனுக்குத்தான் டீம் லீடர் ஆசை.

மூன்று மணிக்குக் கடைகளின் ஷட்டர் ஏறியது; செந்தமிழ்ச்செல்வியும் திரும்பி வந்தாள். மூன்றேகாலுக்கு ஜானகிராமன் அச்செடுத்த ரிப்போர்ட்டோடு அவன் மேஜைக்கே வந்தார். இன்னொரு கை தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஏம்பா, என் தலையைப் பத்தி மட்டும் ஒன்றரைப் பக்கம் வந்திருக்கு. யாருப்பா தங்கம்?"

"நீங்கதான் சார்."

"சொட்டை?"

"அதுவும்... நீங்கதான் சார்."

செந்தமிழ்ச்செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். ஷஃபீக்குக்கு அழுகையே வந்துவிட்டது. போகிற பதவியைக் கடைசியாக ஒரு பிடி பிடித்துப் பார்த்தான்.

"பாஸ்வேர்டு வச்சது என் தப்புதான் சார். ஒத்துக்கறேன். ஆனா நான் பாட்டுக்கு வேலை பாத்துட்டு இருந்தேன். இந்த ஏஜென்ட்தான் டெர்மினலை எட்டிப் பாத்து உங்ககிட்ட ஒப்பிச்சிருக்கு. இதுக்கு ஒரு கட்டுப்பாடு வேணாமா சார்?"

அது நியாயமாகத்தான் பட்டது ஜானகிராமனுக்கு. திரும்பினார்.

"ஏம்மா செல்வி, அதை எதுக்கும்மா டெர்மினலைப் பாக்க விட்டே?"

"நான் எங்க சார் விட்டேன்? டெர்மினல்ல ஒரு எழுத்தைக்கூடப் பாக்க அதுக்கு இன்னும் அனுமதி குடுக்கல. ஷஃபீக் அண்ணன் அவராப் போய்ச் சொன்னதுதான் அதுக்குத் தெரியும்."