பெரியண்ணன் லேத்துக்கு மும்முனை கேட்டது

அடையவளஞ்சான் தெருவை ஒட்டிய எங்கள் சந்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியண்ணன், தாய்த்திருநாட்டின் முன்னேற்றத்துக்குத் தன்னாலான பங்கைச் செலுத்துவது என்று முடிவெடுத்தார். மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் முதலாளி அப்துல் மாலிக், தன் மில்களுக்கு வேண்டிய ஷாஃப்டுகளை எல்லாம் அவரிடமே கடையக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அறுவடைக்குள் முடிக்க வேண்டும். அதற்காகப் பெரியண்ணன் பெரிய லேத்து ஒன்றை வாங்கி இறக்கிவிட்டார். அதன் மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். பட்டறையில் இருந்ததோ ஒருமுனை. ஆகவே மனு போட்டார். அங்கேதான் பிடித்தது சனி.

மின் அலுவலகத்து உதவிப் பொறியாளர் ஹரிஹரசுதன் மரியாதையான மனிதர். இல்லை என்று சொல்வதைக்கூட எழுந்து நின்றுதான் சொல்வார்.

"கனெக்‌ஷன் குடுக்கத்தாங்க நாங்க இருக்கோம். ஆனா மிஷின் ஓடறதை நேர்ல பார்த்து ரிப்போர்ட் எழுதணும்."

"கரண்ட் குடுத்தீங்கன்னா ஓடுங்க சார்."

"ஓடினாத்தான் கரண்ட். ஓடாத மிஷினுக்குக் குடுத்தா ஆடிட்ல என்னைக் கேப்பாங்க."

"கரண்ட் இல்லாம எப்படிங்க ஓடும்?"

"அது உங்க பொறுப்புங்க."

பெரியண்ணன் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார். எங்களுக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் தேர் இழுக்கும் ஊர்க்காரர்கள். எத்தனையோ டன் தேரையே நகர்த்துகிறோம், ஒரு லேத்து எம்மாத்திரம்? லேத்தின் கப்பிச் சக்கரத்தில் நீளமாக ஒரு வடத்தைச் சுற்றி, மறுமுனையைச் சந்துக்காரர்கள் அத்தனை பேரும் பிடித்துக்கொண்டோம். பொறியாளர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் "ரங்கா! ரங்கா!" என்று முழக்கமிட்டுத் தெருமுனை வரை ஓடினோம். லேத்து சுழன்றது. பெரியண்ணன் இரும்புத் தடியில் உளியை வைக்க, பளபளவென்று சுருள் விழுந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

ஹரிஹரசுதன் எழுந்து நின்றார்.

"பிரமாதமா ஓடுது. கரண்ட் இல்லாமலே ஓடுது. ஆக, மின்சாரம் தேவைன்னு நிரூபணம் ஆகலைங்க."

பெரியண்ணன் உளியைக் கீழே வைத்துவிட்டார். அவர் மனைவி வேணிதான் கேட்டாள்: "சார், பட்டறைக்கு வேணாம். வீட்டுக்குன்னு கேட்டா?"

"ஏ.சி.க்குங்களா?" பொறியாளர் முகம் மலர்ந்தது. "முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? அதுக்கு எதையும் பார்க்க வேண்டாங்க."

உண்மைதான். இப்போதெல்லாம் மும்முனை இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்கவே யோசிக்கிறார்கள். பட்டறையும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால், வீட்டுக்கென்று வாங்கி லேத்தை ஓசையில்லாமல் ஓட்டிக்கொள்ளலாம் என்பது பெரியண்ணனின் கணக்கு. லேத்தை ஓசையில்லாமல் ஓட்ட முடியாது என்பதை அவசரத்தில் மறந்துவிட்டார்.

இணைப்பு உடனே வந்தது. ஹரிஹரசுதனும் கூடவே வந்தார். லேத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இதை வீட்டுச் சாமான்னு எழுதிக்கறேன். ஓட்டிடாதீங்க, ஓட்டினா கேஸ் ஆயிடும். ஏ.சி. எங்கங்க? அது ஓடணும். வந்து பார்ப்பேன்."

வேறு வழியில்லாமல் ஏ.சி. வாங்கினார்கள். மாலிக் பாய் வந்து அதன் கீழ் உட்கார்ந்து, நெற்றி வியர்வையைக் காயவிட்டார்.

"நெல்லு யாருக்கும் மனு போட்டுட்டு விளையாதுங்க. தப்பா நெனைக்காதீங்க, புத்தூர்ல ஒருத்தர்கிட்ட குடுத்துட்டேன்" என்று எழுந்து போனார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இப்போது மத்தியானமானால் நாங்கள் எல்லாரும் அங்கேதான். லேத்தின் மேல் வேணி துணி விரித்து வைத்திருக்கிறாள். அதில் காபி டம்ளரை வைத்துவிட்டு, இந்த நாட்டில் தொழில் செய்கிறவனை எவன் வாழ விடுகிறான் என்று ஆவேசமாகப் பேசுவோம். எங்கள் பேச்சில் இதுவரை கலந்துகொள்ளாத பெரியண்ணன் நேற்றுதான் வாயைத் திறந்தார்.

"யாராச்சும் கதவைச் சாத்துங்கப்பா. குளிரெல்லாம் வெளிய போகுது."