பத்துக் காசுச் சீட்டு

கல்லுடைத்தே பிழைத்த ஒரு நாட்டில் கல்லைத் தொடாதவர்கள் ராஜாவும் அவர் அரண்மனையாட்களும் ஒரு கடைக்காரனும்தான். மற்றபடி ஆயிரம் கூலிகள், ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்துக் காசு. அவர்களில் ஒருத்தி முத்திருளி. மழைக்கு முன்னே கூரைக்குத் தகரம் போட்டுவிட வேண்டும், அவளுக்கு வேறு யோசனையே கிடையாது.

ஒருநாள் நிதி மந்திரி மதிவாணர் குவாரி மேட்டில் ஏறி நின்றார்.

"இன்று முதல் கூலிக்குப் பதில் சீட்டு. தினமும் ஆயிரம் சீட்டு, ஒரே பரிசு, பத்தாயிரம் காசு. ஆயிரத்தில் ஒரு வாய்ப்பைப் பத்தாயிரத்தால் பெருக்கினால், சீட்டின் மதிப்பு பத்துக் காசு. யாருக்கும் நட்டமில்லை."

"கணக்கு சோறு போடுமா சாமி?" என்றாள் முத்திருளி.

"சராசரியாகப் போடும்," என்றார் மந்திரி.

கடைக்காரன் பால்பாண்டி அவள் நீட்டிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தாராளமா வாங்கிக்கிறேன்க்கா. நானும் அரிசிக்குக் குலுக்கல் வச்சிடறேன். ஒருத்தருக்கு மொத்த மூட்டையும். மத்தவங்க மதிப்பைத் தின்னுட்டுப் படுங்க."

முத்திருளிதான் கூலிகளைக் கூட்டினாள். யாருக்கு விழுந்தாலும் குவாரிக்குக் கொண்டுவந்து பங்கு போடுவதென்று பேசி முடித்தார்கள். முதல் பரிசு கோணையனுக்கு. பிரித்துக் கொடுத்தான். ஆளுக்குப் பத்துக் காசு, பழைய கூலியேதான்.

அரண்மனை அரண்டுபோனது. மறுநாளே முரசு அறைந்தார்கள்: அதிர்ஷ்டத்தைப் பங்கு போடுவது ராஜத்துரோகம், கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் கசையடி. போதாததற்கு, கையில் பத்துக் காசுச் சொத்து இருப்பதால் ஆளுக்கு ஒரு காசு வரி. அதை மட்டும் ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் முத்திருளிக்கு விழுந்தது.

கோணையன் வாசலில் வந்து நின்றான். "மதினி, அன்னைக்கு நான் பிரிச்சேன்."

"அன்னைக்குச் சட்டம் இல்லயேப்பா. இப்பப் பிரிச்சா உங்க முதுகுல்ல கிழியும்? உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எங்க முதுகு மதினி. நாங்க பாத்துக்கிறோம்."

அவள் பணப்பையின் முடிச்சை இன்னும் இறுக்கினாள். மறுநாளே கூரையில் தகரம் ஏறியது.

பரிசு விழுந்தவரும் வேலைக்கு வந்தாக வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். வந்தாள். கல் நிரம்பிய கூடையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. எதிரே ஒருவர் நின்று தூக்கிவிட வேண்டும்.

"யாராச்சும் ஒரு கை குடுங்களேன்."

"ஆளுக்கொரு விரல் குடுத்திருக்கோமே மதினி, சராசரியா!" என்று எவனோ கத்தினான். சிரித்தார்கள். யாரும் நகரவில்லை.

மேட்டில் பல்லக்கு வந்து நின்றிருந்தது. மந்திரி குனிந்து ராஜாவிடம் சொன்னது, கூடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த முத்திருளியின் காதில் தெளிவாக விழுந்தது.

"மன்னா, இனிச் சீட்டும் வேண்டியதில்லை, பரிசும் வேண்டியதில்லை."

"அப்போ கூலி?"

"சேர்ந்து வந்து கேட்கட்டும் மன்னா. கொடுத்துவிடலாம்."