‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லும் நோயாளி

அன்பும் மரியாதையும் மிக்க அத்தானுக்கு, மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கு நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஆகவே, அங்கு நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் போனில் பேசினால் பக்கத்து அறையில் இருக்கும் அக்கா காதில் ஒரு வார்த்தை விடாமல் விழும். அவளுக்குத் தெரியவேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள். எனக்கு நாள் நெருங்கிவிட்டது அத்தான்.

மகள் நர்சிங்கில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. உடம்பு எப்படிக் கெடுகிறது என்று ஒரு தனிப் பாடமே வைத்திருக்கிறார்களாம். அதை மனத்துக்குள் படிக்க அவளுக்கு வராது, வாய்விட்டுத்தான் படிப்பாள், அதுவும் நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து. முதல் கவளம் எடுக்கும்போது “காரணமே தெரியாம வர்ற நோய்” என்பாள். இரண்டாவது கவளத்தில் “சிகிச்சையாலேயே வர்ற நோய்” என்பாள். மூன்றாவது கவளம் எனக்கு இறங்குவதில்லை. இப்படியே நான் ஒன்றரைக் கிலோ இறங்கினேன். அதையும் அவள் புத்தகத்தில் பார்த்தேன், காரணமில்லாமல் எடை குறைவது நல்லதல்ல என்று போட்டிருக்கிறது.

இது போகட்டும். போன செவ்வாய்க்கிழமை அவள் கல்லூரிக்குப் போன பிறகு, ஃபிரிட்ஜ் மேல் அவள் நோட்டு கிடந்தது. அடுத்தவர் நோட்டைப் பார்ப்பது தப்புதான். முப்பத்தொரு வருடம் குடிநீர் பம்ப் ஹவுஸில் ரிஜிஸ்டரைப் புரட்டியே பழகின கை, கேட்கவில்லை. ‘தெரிந்த ஒருவரைக் கவனித்து எழுதுக’ என்று மேலே தலைப்பு. பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தாள், நோயாளி சொல்வது ஒரு பக்கம், நாம் காண்பது ஒரு பக்கம். ‘ஆண். அறுபதைத் தாண்டியவர். ஓய்வு பெற்றவர். பிடிவாதம் அதிகம்.’ அதைப் படித்ததுமே எனக்குப் பகீரென்றது. ‘சொல்வது: எனக்கு ஒண்ணுமில்ல.’ அவ்வளவுதான். காண்பது மட்டும் பக்கம் முழுக்க: கணுக்காலில் காலுறையின் தடம் வெகுநேரம் மறைவதில்லை. படுக்க மூன்று தலையணை வேண்டும். மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் இருக்கும் படத்தைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொள்கிறார். கடைசியில் சிவப்பு மையில், ‘இதயம் இதுவரை ஈடுகட்டிக்கொண்டிருந்தது. இனி முடியாது போலிருக்கிறது.’

அங்கேயே சமையலறைத் தரையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிப் பார்த்தேன்.

ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். காலுறைத் தடம் இருக்கிறது. புதுக் காலுறை, இறுக்கமானது, இருந்தாலும் தடம் தடம்தானே? படியில் நிற்பதும் சரி. பாதிப் படியில் மாட்டியிருக்கும் பம்ப் ஹவுஸ் குரூப் போட்டோவை நான் தினமும் நின்று பார்ப்பேன். அதில் கடைசி வரிசையில் எனக்குப் பாதி முகம்தான் விழுந்திருக்கிறது. போன மாதம் இங்கே நாலு நாள் தங்கினீர்களே, நீங்கள்கூட ஒவ்வொரு முறை மாடி ஏறும்போதும் அதைப் பார்த்து நின்றீர்கள். இருபது வருடத்தில் அந்தப் படத்தை ரசித்த ஒரே ஆள் நீங்கள்தான், மனம் நெகிழ்ந்துபோனேன். தலையணை ஒன்றுதான் கொஞ்சம் இடித்தது. எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று, அதையும் அந்த நாலு நாளும் நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள், அதனால் எனக்கு வந்த கழுத்துப் பிடிப்பைப் பற்றி நான் இதுவரை வாய் திறக்கவில்லை. ஆனால் பாருங்கள், அது பழைய தலையணை. மடித்துப் போட்டால் மூன்றுக்குச் சமம்.

அன்று மாலை மகளிடம் மெதுவாக, யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். “அது என்னம்மா ஈடுகட்டுறது?” அவள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “இதயம் சோர்ந்துபோனா உடம்பு உடனே படுத்துராதுப்பா. இதயம் இன்னும் வேகமா அடிச்சு சமாளிக்கும். கிட்னி உப்பையும் தண்ணியையும் வெளிய விடாம பிடிச்சு வெச்சுக்கும். பாத்தா ஆள் நல்லாத்தான் இருப்பாரு. அதுக்கப்புறம் அந்தத் தண்ணியே கால்ல தேங்கும், நுரையீரல்ல தேங்கும், படுத்தா மூச்சு முட்டும். காப்பாத்த வந்ததே கெடுக்க ஆரம்பிச்சுரும்.”

எனக்குப் பாடம் நடத்தவே வேண்டியதில்லை அத்தான். பம்ப் ஹவுஸில் மூன்று மோட்டாரில் ஒன்று சோர்ந்தபோது மற்ற இரண்டும் சேர்த்து இழுத்தன. ஊரில் எந்தக் குழாயிலும் ஒரு சொட்டுக் குறையவில்லை. நானும் நாற்பது நாள் ரிஜிஸ்டரில் ‘எல்லாம் சரி’ என்று எழுதினேன். நாற்பத்தொன்றாம் நாள் மூன்றும் சேர்ந்து புகைந்தன. வாளியோடு வந்து நின்றவர்களின் முகங்கள் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்று முதல் ‘எல்லாம் சரி’ என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

மறுநாள் பரிசோதனையில் இறங்கினேன். காலில் நீர் தேங்கியிருந்தால் கட்டைவிரலால் அழுத்தின இடம் குழியாகவே நிற்குமாம். அழுத்தினேன், குழி விழவில்லை. பலம் போதவில்லை என்று இன்னும் அழுத்தினேன். அரைமணி நேரம் அழுத்தியதில் கணுக்கால் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கவும் ஆரம்பித்தது. நாலும் சேர்ந்து வந்தால் அழற்சி என்று புத்தகத்தில் இருந்தது, ஆக அதுவும் வந்துவிட்டது. அடுத்து, மாடிப்படியை ஏழு முறை ஏறி இறங்கி நாடியை எண்ணினேன். எண்ணவே முடியாத அளவுக்கு ஓடியது. “என்னத்த தொலைச்சீங்க, இப்படி ஏறி ஏறி எறங்குறீங்க?” என்றாள் என் மனைவி. “ஒண்ணுமில்ல” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, நோட்டில் இருந்த அதே வார்த்தை! அன்றே உப்பை நிறுத்தினேன், தண்ணீரையும் பாதியாகக் குறைத்தேன். மூன்றாம் நாள் எழுந்தபோது தலை சுற்றி, பீரோவில் மோதி, நெற்றியில் ஒரு புடைப்பு. மனைவி கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் மார்பில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்து, ரத்தம் எடுத்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஒழுங்கா உப்பு போட்டுச் சாப்பிடுங்க, தண்ணி குடிங்க. உங்களுக்கு ஒண்ணுமில்ல.” அவர் வாயிலும் அதே வார்த்தை. ஈடுகட்டும் காலத்தில் வெளியே எதுவும் தெரியாது என்பதை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். மகள் படிப்பு முடிய இன்னும் மூன்று வருடத்துக்குமேல் இருக்கிறது. அவள் அந்த வெள்ளை உடுப்பைப் போட்டு வேலைக்குப் போவதை ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். எனக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் முன்னால் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களைவிடத் தெம்பான ஆள் நம் குடும்பத்தில் யார்? என் ஸ்பானர் பெட்டி உங்களுக்கு.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லாரும் நூறாண்டு இருங்கள்.

இப்படிக்கு,
இருக்கும்வரை உங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: தபாலில் போடச் சொல்லி மகளிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டாள், நோட்டைப் படித்ததற்கு அது சரியாகப் போயிற்று. விழுந்து விழுந்து சிரித்தாள். “அது நீங்க இல்லப்பா!” “பின்ன யாரு?” என்றேன். சிரிப்பு நின்றது. “மாமா” என்றாள். “அவங்ககிட்டச் சொல்லப் போனேன். எனக்கு ஒண்ணுமில்ல, நீ மொதல்ல பாஸ் பண்ணுன்னாங்க. மொத வருஷந்தானே, நாமதான் தப்போன்னு விட்டுட்டேன்.” அவள் கண் கலங்கிவிட்டது. மூன்றாவது தலையணை என்னுடையது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் போட்டோவையும் நீங்கள் ரசிக்கவில்லை, அந்த வருத்தத்தைப் பிறகு பேசிக்கொள்வோம். உங்களுக்குப் போன் செய்தேன். “எனக்கு ஒண்ணுமில்ல” என்று வைத்துவிட்டீர்கள். ஆகவே ஸ்பானர் பெட்டி உங்களுக்குக் கிடையாது. கடிதத்தையும் தபாலில் போடவில்லை, உங்கள் கையில் இதைக் கொடுத்துவிட்டு எதிரில் நிற்பது நான்தான். எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லியாயிற்று, உங்களுக்குப் பின்னால் நின்று அழுவது அவள்தான். வாசலில் வண்டி நிற்கிறது, டாக்டர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். வாயைத் திறக்க வேண்டாம், நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.