செடிக்குக் காவல்

இந்த வருஷ லீவுக்கு மச்சினர் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் ஆறு மாசம் முன்பே முடிவு கட்டிவிட்டார். பின்னே என்ன? போன வருஷம் பத்து நாள் லீவில் எட்டு நாள் ஏணி மேலேதான் இருந்தார். "மாப்பிள்ளைக்கு உயரம் பழக்கம்தானே" என்று மனைவியின் அண்ணன் பெயிண்ட் பிரஷ்ஷைக் கையில் திணித்துவிட்டு, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேற்கூரையில் திட்டுத் திட்டாக இருப்பதைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

வரமாட்டேன் என்று மனைவியிடம் நேராகச் சொல்ல முடியுமா? அவள் பல் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பவள். பல் பிடுங்கப் பயந்தவர்கள் போனில் அளக்கிற கதைகளை ஒன்பது வருஷமாகக் கேட்டவள். அவளிடம் வயிற்றுவலி செல்லாது, முதுகுவலி செல்லாது. உயிருள்ள காரணமாக ஒன்று வேண்டும்.

நர்சரியில் சின்ன வெங்காயம் மாதிரி ஆறு கிழங்கு வாங்கி வந்தார். குங்குமப்பூவுக்குத் தூரத்துச் சொந்தமாம். மஞ்சளாகப் பூக்குமாம், சமையலுக்கு ஆகாதாம், ஒரு தடவை வைத்தால் வருஷா வருஷம் தானே வருமாம். ஜன்னலோரத் தொட்டியில் நட்டு, பக்கத்தில் ஒரு சர்வீஸ் அட்டையும் தொங்கவிட்டார். தேதி, நேரம், ஊற்றிய தண்ணீர், கையெழுத்து. லிஃப்டுக்கு மாசம் ஒரு கையெழுத்து. கிழங்குக்குத் தினம் ரெண்டு. ஒரு வேளை விட்டாலும் போச்சு, கைக்குழந்தை மாதிரி என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிவைத்தார். மனைவி தலையை ஆட்டிக்கொண்டாள்.

பூ வந்தது. வெயில் பட்டதும் விரிந்து, சாயங்காலம் மூடிக்கொள்ளும் மஞ்சள் பூ. சாக்குக்கு வாங்கிய செடிதான் என்றாலும் மனுஷனுக்கு நிஜமாகவே ஆசை வந்துவிட்டது. அது விரிகிறதைப் பார்க்க நின்றே ரெண்டு நாள் வேலைக்கு லேட்டாகப் போனார்.

லீவுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது இலையெல்லாம் பழுத்துச் சாய்ந்தது. அடித்துப்பிடித்து நர்சரிக்கு ஓடினார். நர்சரிக்காரர் சிரித்தார். சாகவில்லையாம், தூங்குகிறதாம். இனி நாலைந்து மாசம் தண்ணீரே கூடாது, ஊற்றினால் அழுகிவிடும், வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போய் வாருங்கள் என்றார். மெக்கானிக்குக்குக் காலுக்கடியில் லிஃப்ட் கழன்ற மாதிரி இருந்தது. இதை மனைவியிடம் மூச்சுவிடக் கூடாது. அன்றிலிருந்து காலிக் குவளையோடு தொட்டிப் பக்கம் போய், குனிந்து நிமிர்ந்து, அட்டையில் கையெழுத்து மட்டும் போட்டார்.

கிளினிக்கில் சாக்குச் சொல்கிறவர்களோடு மனைவி ஒருநாளும் வாதாடியதில்லை. வர முடியாதா, பரவாயில்லை, டாக்டரையே வீட்டுக்கு அனுப்புகிறேன் என்பாள். அடுத்த அரைமணியில் ஆள் வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் இருப்பார். லீவுக்கு மூணு நாள் முன்பு துணி மடித்துக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

"செடி வாடிக் கிடக்கு. இதை விட்டுட்டு நீங்க எப்படி வருவீங்க?"

"அதான் நானும் யோசிக்கிறேன். நீ மட்டும் போய்ட்டு வா. எனக்கென்ன, இருக்கிறதைச் சாப்பிட்டுட்டுக் கிடக்கிறேன்."

"தனியா எதுக்குக் கஷ்டப்படணும்? அண்ணன்கிட்ட சொன்னேன். குடும்பத்தோட இங்கயே வந்துடறேன்னுட்டார். வந்தது வந்தோம், ஒரு மாசம் இருந்துட்டுப் போறோம்னார்."

இருப்பது ரெண்டு அறை, ஒரு குளியலறை. வருவது ஐந்து பேர்.

"அந்தச் செடிக்கு யாருமே வேணாம்," என்றார் மெக்கானிக். "அது தூங்குது. நாலு மாசத்துக்குத் தண்ணியே கூடாதாம்."

"அப்ப தினம் ரெண்டு கையெழுத்து?"

"வெறும் குவளைதான்."

மனைவி கோபப்படவில்லை. மடித்த துணிக்கு அடியிலிருந்து ரெண்டு ரயில் டிக்கெட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். போன மாசமே எடுத்தது.

"உங்க அண்ணன் குடும்பம் இங்க வருதே?" என்று அவர் தடுமாறினார்.

"அவர் எங்கங்க வர்றது? புதுசா மாடி கட்டி முடிச்சிருக்கார். பெயிண்ட் அடிக்கத்தான் ஆள் கிடைக்கலையாம்."