விண்வெளிக்கு ஒரு டப்பா அரைக்கீரை

எனக்கு இந்தி நன்றாக வரும் என்று நான் நம்பியது இருபத்திரண்டு வயது வரைக்கும்தான். தாராவியில் பிறந்து, காய்கறிக்காரரோடு தினமும் இந்தியில் சண்டை போட்டு ஜெயித்தவளுக்கு அந்த நம்பிக்கை வராமல் என்ன செய்யும்?

செம்பூரில் ஒரு நிறுவனம். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடும் மூச்சுக்காற்றும் அங்கேயே கிடைக்க ஆராய்ச்சி செய்தார்கள். தாவரவியல் படித்த என்னை நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். வேலை கிடைக்காவிட்டால் கல்யாணில் இருக்கும் அத்தை மகனோடு உடனே கல்யாணம் என்று அப்பா முடிவே செய்துவிட்டார். (அத்தான் நல்லவர்தான். கல்யாணில் ரயிலேறிப் பேச ஆரம்பித்தால் தாதர் வந்தாலும் நிறுத்த மாட்டார்.)

எனவே நேர்முகத்தில் காட்ட ஒரு டப்பாவுக்குள் விளக்குப் பொருத்தி அரைக்கீரை வளர்த்தேன். கடைசி நாலு நாள் திறக்கவே இல்லை. செடி விடும் காற்று வெளியே போய்விடக் கூடாதாம்.

“ஏட்டி, அது இட்லி மாவு டப்பால்லா!”

“இது சயின்ஸும்மா.”

தேர்வு நடத்திய மேடம், நான் இங்கிலீஷில் திணறுவதைப் பார்த்து, “ஹிந்தி மே போலோ பேட்டா” என்றார். வினை அங்கே பிறந்தது. கீரைக்கு இந்தியில் என்ன? தினமும் சந்தையில் சொல்லும் வார்த்தை, அந்த நிமிடம் வாயில் வரவில்லை. விண்வெளியில் தினமும் கீரை சாப்பிடுவார்கள் என்பதை, “ரோஜ் கீரை காயேங்கே” என்று சொல்லிவிட்டேன்.

மேடத்தின் பேனா நின்றது. இந்தியில் ‘கீடே’ என்றால் புழுக்கள். நம்மவர் வாயில் அது ‘கீரே’ ஆகிவிடும் என்பது பம்பாய்க்கே தெரியும். (எனக்கு மட்டும் அன்று தோன்றவில்லை.)

பச்சையாகவா என்று கேட்டார். இல்லை, பூண்டு போட்டு வேகவைத்து மசியக் கடைய வேண்டும் என்று வெறுங்கையாலேயே மத்து சுற்றிக் காட்டினேன். அம்மா வாரம் மூன்று நாள் செய்வாள், ரத்தத்துக்கு நல்லது என்றும் சேர்த்துக்கொண்டேன். மேடம் தண்ணீர் குடித்தார்.

பெருமையோடு டப்பாவைத் திறந்தேன். இலையெல்லாம் பொத்தல். நடுவில் பச்சைப் புழு ஒன்று, உண்ட களைப்பில் படுத்திருந்தது.

“அச்சா!” என்றார் மேடம், முதல் தடவையாக மரியாதையோடு. நீயே வளர்த்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்பதற்குள் டப்பாவை மூடிவிட்டேன்.

வேலை கிடைத்தது. உத்தரவைப் படித்தபோதுதான் எல்லாம் புரிந்தது. என்னைப் போட்டிருந்தது விண்வெளி உணவுக்காகப் புழு வளர்க்கும் பிரிவில். செடிகள் பக்கத்து அறையில். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அத்தை போனில் விசாரித்தபோது அம்மா ஒளிக்கவில்லை. “எம் மவ புழு வளக்கா” என்றாள். சம்பந்தம் அன்றோடு நின்றது.

எட்டு வருடம் ஆகிறது. இன்றும் வீட்டில் கீரை கடைந்தால் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: “புழு வெந்துட்டு, எல்லாரும் சாப்பிட வாங்க!”

புதிதாக வந்த விருந்தாளி யாரும் இதுவரை இரண்டாம் தடவை வந்ததில்லை.