டீக்கனைக் கொன்ற பசை

பெமிட்ஜி, மினசோட்டா
அக்டோபர் 14

என் மனைவி ஆர்டிஸின் மூத்த சகோதரரும் என் மதிப்பிற்குரிய மச்சானுமாகிய லைல் வென்டார்ஃப் அவர்களுக்கு, நார்பர்ட் எழுதிக்கொள்வது.

நான் நலம். தங்கள் நலம் அறிய வழக்கமாக இருக்கும் ஆவல் இந்த வாரம் இல்லை. ஆர்டிஸ் இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து, நடை பழக்கும் இல்லத்திலிருந்து வியாழக்கிழமை வீடு திரும்புகிறாள். அவளுடைய டீக்கன் இல்லை. ஞாயிறு காலை செத்துவிட்டான்.

பதினோரு வருடம், மச்சான். ஆர்டிஸ் என்னிடம் பேசியதைவிட டீக்கன் என்று பெயர் வைத்த அந்த ஆஸ்கர் ரக மீனிடம் பேசியதுதான் அதிகம். அவள் மண்புழு நீட்டினால் விரலிலிருந்து வாங்கிக்கொள்வான். நான் நீட்டினால் வாயைத் திறக்கவே மாட்டான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட, “பாவம் நார்ப், அவனுக்குத் திரும்பக்கூட இடமில்ல” என்றாள். அவள் வருவதற்குள் பெரிய தொட்டி ஒன்று தயாராக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கடையில் விற்கும் தொட்டி நம் வீட்டுக் கீழ்த்தளப் படியில் இறங்காது. அதனால் அங்கேயே செய்ய உட்கார்ந்தேன். என் கஷ்டகாலம்.

முதலில் பிளைவுட் பலகைக்கு மரப்பசை. இரண்டே நாளில் மூட்டெல்லாம் ஊறி உப்பிவிட்டது. மறுபடி திருகு போட்டு முடுக்கி, உள்ளே படகுக்கு அடிக்கும் பெயின்ட் அடித்தேன். முகப்புக்கு என்ன போடலாம் என்று கேட்டால் ஹார்டுவேர் கடைக்காரன் ஆர்வில், “கண்ணாடி எதுக்குய்யா? அக்ரிலிக் போடு, உடையவே உடையாது” என்றான். உடையவில்லைதான். சிலிக்கான் பசை அதில் ஒட்டவும் இல்லை. கட்டுப்போட்ட பிளாஸ்திரி மாதிரி உரிந்து வந்து, நாற்பது கேலன் தண்ணீர் கம்பளத்தில் இறங்கியது. சரி என்று தடித்த கண்ணாடி வாங்கி, படம் எடுத்துக்கொண்டு போய், லூதரன் சர்ச் கீழ்த்தளத்தில் கூடும் மீன் சங்கத்தில் காட்டினேன். கிளாடிஸ் டாலெஃப்சன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, “அட, வித்தியாசமா இருக்கே!” என்றாள். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? அடுப்பில் போட்டு எரி என்று அர்த்தம். எது வித்தியாசம் என்று மட்டும் ஒரு பிராணி வாயைத் திறக்காது. கேக்கை நீட்டுவார்கள்.

அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள். தொட்டியைச் சுற்றி வந்து, “மோசமில்ல” என்றீர்கள். வேலைமேசையில் சிலிக்கான் குழாய் ஒன்றை வைத்தீர்கள். “சரி, கிளம்பலாம்னு பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுக் கதவருகே முக்கால் மணி நேரம் நின்று மான், பனி, உங்கள் டிரக்கின் கியர் எல்லாவற்றையும் பேசினீர்கள். அந்தப் பசையைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? மேசையில் இருந்த குழாயை எடுத்து ஒட்டினேன். வீடெல்லாம் வினிகர் வாசனை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெள்ளிக்கிழமை டீக்கனை விட்டேன். ஒரு முழு வட்டம் அடித்தான், மச்சான். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் திரும்பினான். சனிக்கிழமை நிறம் வெளுத்து, மேலே வந்து வாயை வாயைத் திறந்தான். அதற்கப்புறம்தான் குழாயைப் படித்தேன்: “குளியலறைக்கு மட்டும். பூஞ்சையைத் தடுக்கும் மருந்து கலந்தது.” பூஞ்சையைக் கொல்வது மீனை மட்டும் தாலாட்டுமா?

நேற்று மத்தியானம் ஆர்டிஸுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

“யார் குடுத்த பசை?” என்றாள்.

“உங்க அண்ணன்தான்.”

“இந்த வருஷம் வான்கோழி விருந்துக்கு லைலைக் கூப்பிட வேணாம். எந்த வருஷமும் வேணாம்” என்றாள். அதைக் கேட்டு எனக்குத் திருப்தியாக இருந்தது. மறைப்பானேன்?

உங்களுக்கும் ஷர்லிக்கும் கர்த்தர் தீர்க்காயுசைத் தரட்டும்; உங்களுக்குக் கொஞ்சம் வாயையும் தரட்டும். ஏரிப் பனியில் துளை போடும் என் கருவியைத் தவறாமல் திருப்பி அனுப்பவும்.

இப்படிக்கு,
இனி உங்கள் வீட்டுப் பக்கம் வராத,
நார்பர்ட் க்ரூகர்

பி.கு.: தபால்தலை தேடக் கீழே போனேன். வேலைமேசையில் காபி டப்பாவுக்குப் பின்னால் ஒரு சிலிக்கான் குழாய், மூடி திறக்காமல் நிற்கிறது. அதில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் உங்கள் கோணல் எழுத்து: “மீனுக்கு இதுதான் ஆகும்.” நான் ஒட்டியது, போன குளிர்காலத்தில் குளியல் தொட்டிக்கென்று நானே வாங்கி வந்தது. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். கிழித்தால் வேறு எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் இப்படியே அனுப்புகிறேன். ஆர்டிஸுக்கு இரண்டு தடவை போன் போட்டு, அவள் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுங்கள் மச்சான். நீங்க ஒண்ணும் பேச வேணாம். பக்கத்துல நில்லுங்க போதும். நான் சொல்லிடறேன்.